பென்சிலின் உறுமல்

செப்டம்பர் 3, செவ்வாய்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். ‘பாடம் எல்லாருக்கும் நன்கு புரிந்திருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “நாங்க யாருமே வாயைத் திறக்கலையே டீச்சர், புரிஞ்சுதுன்னு அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்?” அவர் அதிகாரி, அவருக்குத் தெரியும் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

இன்றைக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது, நாயால்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்திலிருந்து கூட்டி வந்தோம். ஒரு வயதுகூட ஆகாத பெண் நாய். பழுப்பு உடம்பு, ஒல்லி வால், வால் நுனி மட்டும் கறுப்பு. சீவி வைத்தது மாதிரி இருந்ததால் பென்சில் என்று கூப்பிட்டேன். “ரப்பரும் ஸ்கேலும் எப்ப வருது?” என்றார் என் வீட்டுக்காரர். “ரிட்டயர் ஆனதுலேருந்து டீச்சரம்மாவுக்கு வாய் துறுதுறுங்குது. பாடம் கேக்க நான் கிடைக்கல, நாய் கிடைச்சிருக்கு.”

இன்று பென்சில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வழியில் இருக்கிறதென்று கிண்ணத்தைக் காலால் தள்ளினார். உறுமினாள். பெரிய சத்தம் இல்லை, மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிற மாதிரி. இவர் துள்ளி மறுபக்கம் போய்விட்டார். உருண்ட கிண்ணம் ஓய்வதற்குள் மகனுக்கு வீடியோ கால்.

மகன் சொன்னான்: “அடுத்த மாசம் பாப்பாவுக்கு லீவு. உறுமுற நாய் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வர மாட்டேம்மா. ஒண்ணு அது உறுமுறதை நிறுத்தணும், இல்ல திருப்பிக் குடுத்துடு.”

நாற்பது வயது மகன். ‘எப்படிம்மா இருக்கே’ என்று கேட்க மறந்துவிட்டான்.

செப்டம்பர் 5, வியாழன்

மேசை முழுக்கப் பாடப்புத்தகத் தேர்வுக் குழு மாதிரி இருக்கிறது. குழுவில் நான் ஒருத்திதான்.

நூலகத்தில் எடுத்த தடிமனான புத்தகம் ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரின் படம், சில பக்கங்களில் நாயும் உண்டு. மகன் பணம் கட்டி அனுப்பிய வீடியோ வகுப்பு ஒன்று. பச்சை டவுசர் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் கத்துகிறார். அவருக்கு நான் வைத்த பெயர் சார்ஜன்ட், மகனிடமும் அப்படித்தான் சொன்னேன். கடைசியாக, காப்பகத்தில் ஞாயிறுதோறும் நடக்கிற இலவச வகுப்பு.

பள்ளியில் புத்தகம் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வழி இருந்தது. முதல் பாடத்தைப் பார்க்க மாட்டேன், எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம் அழகாகத்தான் இருக்கும். பிள்ளை தப்பாகச் செய்தால் என்ன செய்யச் சொல்கிறது என்று தேடுவேன். அதைச் சொல்லாத புத்தகம் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்காக எழுதியது. அந்தப் பிள்ளைக்குப் புத்தகமே வேண்டாம்.

அதே கேள்வியை இந்த மூன்றிடமும் கேட்டேன். நாய் உறுமினால்?

நூலகப் புத்தகம்: பயிற்சியை மீண்டும் செய்யவும். சரி, எதை?

சார்ஜன்ட்: உங்களை மதிக்காததால்தான் உறுமுகிறது. செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடி. அடுத்த தடவை மூக்கில் அடி. அப்புறமும் உறுமினால் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்து, அடங்கும்வரை விடாதே. மூன்று வாரத்தில் சத்தமே வராது.

காப்பகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “பின்னால போயிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மரியாதை இல்லாத பதில்தான். ஆனால் மூன்றில் அது ஒன்றுதான் நாயைப் பார்த்துச் சொன்ன பதில்.

ஞாயிறு வகுப்பு என்று முடிவு.

செப்டம்பர் 8, ஞாயிறு

வகுப்பு நடத்துகிறவள் போனில் பேசிய அதே பெண். வெயில் இல்லாத இடத்திலும் பெரிய தொப்பி. கையில் குறிப்பு இல்லை, பலகை இல்லை. நான் கேள்வி கேட்கக் கையைத் தூக்கினேன். “கையை இறக்குங்க டீச்சர், உங்க நாய் பயப்படுது” என்றாள். பத்துப் பேர் சிரித்தார்கள். நான் டீச்சர் என்று அவளிடம் சொல்லவே இல்லை!

வீட்டுப்பாடம் இதுதான். பென்சில் சாப்பிடும்போது அவள் உறுமாத தூரத்தில் நிற்க வேண்டும். வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அவள் பக்கம் போட்டுவிட்டு விலக வேண்டும். நாம் கிட்டே வந்தால் நல்லது நடக்கும் என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். உறுமினால் ஓர் அடி பின்னால்.

“திட்டாதீங்க. ‘கிட்ட வராதே’ன்னு வாயால சொல்றா. அதுக்குத்தான் வாய். சொல்லவிடுங்க.”

வீட்டில் வந்து சொன்னேன். “நம்ம வீட்ல நாம பின்வாங்கணுமா? நல்ல நியாயம். நாளைக்கு வீட்டுப் பத்திரத்தையும் அது பேருக்கு எழுதிக் குடுத்துடு” என்றார்.

செப்டம்பர் 14, சனி

வாஷிங் மெஷின் பக்கத்தில் கிண்ணம். பிரிட்ஜ் வரை போகலாம், அதைத் தாண்டினால் உறுமுகிறாள். பிரிட்ஜ் பக்கத்திலேயே நிற்கிறேன், முழங்காலுக்கு பிசியோதெரபி போய்வருகிற நாட்களிலும். வகுத்தல் கணக்கில் நின்ற பிள்ளைகளோடு இதைவிட அதிக நாள் நின்றிருக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிரிட்ஜைத் தாண்டி மேசை முனைவரை வந்துவிட்டோம். வால் லேசாக ஆடியது. சந்தோஷமாக மகனுக்குச் சொன்னேன்.

“அம்மா, மேசை வரைக்கும், பிரிட்ஜ் வரைக்கும்னு நீ கதை சொல்றே. உறுமுதா, உறுமலையா?”

“முன்னைக்கு இப்போ கம்மிடா.”

“கம்மின்னா உறுமுதுன்னு அர்த்தம். மூணு வாரம்கூட இல்ல. உன் டீச்சர் வேலையை இதுல காட்டாதே. அந்த வீடியோவைப் பாரு.”

இந்தப் பிள்ளைக்கு ஷூ கயிறு கட்ட எவ்வளவு நாள் ஆனது என்று எனக்குத் தெரியும். வாசலில் பஸ் நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், நான் குனிந்து கட்டிவிடாமல் நின்றுகொண்டிருப்பேன். அவனே கட்டட்டும் என்று. அவனுக்கு அது ஞாபகம் இருக்காது. பொறுமையாக நின்றவர்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, ஹாரன் அடித்தவரைத்தான்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் நன்றியாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று உறுமவில்லை. நேற்றும் இல்லை. கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன், ஒரு சத்தம் இல்லை.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். சில பிள்ளைகள் அப்படித்தான், திடீரென்று ஒரு நாள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இவர் பேப்பரை எடுத்தால் போதும், பென்சில் எழுந்து போய் சோபாவுக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறாள். படிக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இவளுக்குத் தெரிகிறது. என் மகனுக்கு இருபது வயதுவரை தெரியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

தொப்பிக்காரி பாராட்டுவாள் என்று நினைத்துப் போனேன். பென்சிலைச் சுற்றி மெதுவாக நடந்து பார்த்தாள்.

“எப்பலேருந்து சத்தம் இல்ல?”

“நாலஞ்சு நாளா.”

“வாலைப் பாருங்க, உள்ள சொருகியிருக்கு. உடம்பு கட்டை மாதிரி விறைச்சிருக்கு. வீட்ல வேற யாராவது பழக்குறாங்களா?”

“எங்க வீட்ல நான்தான் டீச்சர்” என்றேன். சுருக்கென்றுதான் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த நாயிடம் போய்விட்டாள்.

தன் மாணவி தேறினால் தாங்காத வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மகனுக்கு மெசேஜ்: ‘ஓர் உறுமல்கூட இல்லை. தைரியமாக வாருங்கள்.’ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 9, புதன்

வந்துவிட்டார்கள். பாப்பா வளர்ந்திருக்கிறாள், நாலு வயதுக்கு நாற்பது வயது பேச்சு. “பாட்டி, உங்க நாய் ஏன் பேசவே மாட்டேங்குது? கோவமா?” மருமகள் முதல் அரை மணி நேரம் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டே நின்றாள், பிறகு இறக்கிவிட்டாள்.

மகன் சோபாவில் சாய்ந்து தன் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். “பாத்தீங்களா? சார்ஜன்ட்னா சார்ஜன்ட்தான்.” இவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல். பென்சில் கடித்துவிட்டாள். என்னை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 14, திங்கள்

கட்டு மாற்றப் போய்த் திரும்பினேன். பென்சில் இல்லை.

மகன் என்னைக் கேட்காமலே காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

அக்டோபர் 18, வெள்ளி

கட்டு சின்னதாகிவிட்டது, பேனா பிடிக்க முடிகிறது. நேற்று அவர்கள் ஊருக்குப் போனார்கள். எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புளிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம். பென்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவின் பந்து உருண்டு வாஷிங் மெஷின் பக்கம் போனது. பாப்பா தவழ்ந்து போனாள். நான் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் உறுமல் வந்திருந்தால் திரும்பியிருப்பேன். ஒரே ஓர் உறுமல். வீடு அவ்வளவு அமைதி. எதற்கோ தலையைத் தூக்கினேன், பென்சிலின் கண் வெள்ளை தெரிந்தது, உடம்பு விறைத்திருந்தது. அவள் முகத்துக்கும் பிள்ளை முகத்துக்கும் நடுவே ஒரு சாண். ஓடிக் கையை நீட்டினேன். என் வலது உள்ளங்கை.

கடித்தவள் அடுத்த நொடி விட்டுவிட்டாள். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டாள். மகன் கத்தினான், மருமகள் அழுதாள். பாப்பா பந்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அவளை பாத்ரூமில் அடைத்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கதவு வழியாக, “இருடி, வந்துடறேன்” என்றேன். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, தரை கழுவியிருந்தது. “நல்லதுக்குத்தான்மா” என்றான் மகன். யாருடைய நல்லதுக்கு என்று கேட்கவில்லை. கொண்டுபோனது இவருக்கும் தெரியும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று கார் வந்துவிட்டது. எல்லாரும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

“பாட்டி, தாத்தாவுக்கு மேஜிக் தெரியும்.”

“என்ன மேஜிக் கண்ணு?”

“பேப்பரை இப்பிடிச் சுருட்டினா பென்சில் தரையில ஒட்டிக்கும். பசை மாதிரி. தாத்தா எனக்குச் செஞ்சு காட்டினார். ரெண்டு தடவை.”

அந்தப் பிள்ளைக்கு முத்தம் கொடுத்து, கார் கதவைச் சாத்தி, கை ஆட்டினேன். கட்டுப்போட்ட கையால்.

அப்புறம் மாடிக்கு வந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“எப்பலேருந்து?” என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார். “நீ முழங்காலுக்கு பிசியோதெரபி போற நேரத்துல. பையன்தான் சொன்னான், அம்மாகிட்ட சொல்ல வேணாம், வருத்தப்படுவான்னு. நான் அதிகமா அடிக்கலடி. முதல்ல ரெண்டு மூணு தடவைதான். அப்புறம் காட்டினாலே போதும்.”

“கழுத்தைப் பிடிச்சு அழுத்தினீங்களா?”

பேப்பரை மூன்றாவது முறை மடித்தார்.

“அவ ‘வேணாம் வேணாம்’னு வாயால சொல்லிக்கிட்டிருந்தா. நீங்க அந்த வாயை அடைச்சிட்டீங்க. பின்ன அவ என்னதான் பண்ணுவா? லெட்டர் போடுவாளா?”

“உறுமக்கூடாதுன்னுதானே எல்லாரும் ஆசைப்பட்டோம். நீயும்தானே சந்தோஷப்பட்டே?”

ஆமாம். சந்தோஷப்பட்டேன். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. சைக்கிள் மணியைக் கழற்றிவிட்டால் சைக்கிளா நின்றுவிடும்? மணிதான் நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். இந்த வீட்டில் படித்தவர்கள் மூன்று பேர்.

அக்டோபர் 20, ஞாயிறு

காப்பகத்துக்குப் போனேன். பென்சில் பின்கட்டில், தனிக் கூண்டில். என்னைப் பார்த்ததும் வால் ஒருமுறை அசைந்தது. உடனே தரையோடு ஒட்டிக்கொண்டாள்.

தொப்பிக்காரியிடம் எல்லாம் சொன்னேன். ‘நான் அன்னிக்கே கேட்டேனே’ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“முடியாது டீச்சர். சொல்லாம கடிக்கிற நாயை யார்கிட்டயும் தர மாட்டோம். உங்ககிட்டயும்தான்.”

“அப்ப இவளுக்கு?”

“இடம் இருக்கிற வரைக்கும் இங்க இருப்பா.” பக்கத்துக் கூண்டில் இரண்டு நாய்கள் ஒன்றாகப் படுத்திருந்தன.

“மறுபடி உறுமினா வாங்க, பேசலாம். வேணும்னா வந்து உக்காந்து பாருங்க. ஆனா உறுதி எதுவும் தர மாட்டேன்.”

அக்டோபர் 22, செவ்வாய்

மகனிடமிருந்து ஒரு லிங்க். ‘அடுத்த தடவை சின்னக் குட்டியா எடும்மா. இந்தக் கோர்ஸ் அதைவிட நல்லா இருக்கு.’

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

அக்டோபர் 30, புதன்

கூண்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கிண்ணம் உள்ளே. நான் கிட்டே போனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுகிறாள். விலகினால் சாப்பிடுகிறாள். சத்தம் இல்லை.

இப்போது அதே கேள்வியை நீ கேட்டால் என்ன சொல்வேன், கடைசி பெஞ்சுக்காரி?

நவம்பர் 7, வியாழன்

வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. பேப்பர்காரரை நிறுத்திவிட்டார், நான் சொல்லவில்லை. காலையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். பாவம் என்று நினைக்கப் பார்க்கிறேன். வரவில்லை.

“நானும் வரட்டா?” என்றார் இன்று.

“எதுக்கு?”

“சும்மா. கேட் வரைக்கும்.”

வேண்டாம் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அவராகவே வந்திருந்தார், பஸ் பிடித்து. கேட்டுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பென்சில் வாசனை பிடித்துவிட்டாள். நடுங்கினாள். “இன்னிக்கு இவ்வளவு போதும்” என்று தொப்பிக்காரி அவரை அனுப்பிவிட்டாள். யார் என்று அவள் கேட்கவில்லை. நாயே சொல்லிவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

மறுபடி வந்தார். ஒன்றுமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று தொப்பிக்காரி அவரை உள்ளே விட்டாள், தண்ணீர்த் தொட்டி வரைக்கும். நான் முக்காலியில். பென்சில் கிண்ணத்தில் வாய் வைத்திருந்தாள்.

இவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பென்சில் விறைத்தாள். எனக்குக் கை வலித்தது. அப்போது வந்தது. மெல்லிசாக, மாடியில் நாற்காலி இழுக்கிற மாதிரி. தொண்டையில் கரகரவென்று, பாதியில் நின்று, மறுபடி வந்தது.

இவர் அசையாமல் நின்றார், என்னைப் பார்த்தார். “இப்ப என்னடி பண்ணணும்?” என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். இதற்கு என் கை கடிபட வேண்டியிருந்தது.

சொன்னேன். செய்தார். உறுமல் நின்றது, வால் நுனி கொஞ்சம் வெளியே வந்தது, மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

“சரி, பேசலாம்” என்றாள் தொப்பிக்காரி. தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் கண்ணும் ஈரமாக இல்லை, எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் பேசினார், நான் பேசவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பு வேறு பாடம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு முழங்காலுக்கு பிசியோதெரபி. இவர் காப்பகத்துக்குத் தனியாகப் போவதாகச் சொல்கிறார். முன்பு பேப்பர் வைத்திருந்த இடத்தில், பெரிய எழுத்தில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்:

அவள் உறுமினால், ஓர் அடி பின்னால் போய் நில்லுங்கள்.